வாசலில் தொங்கிய ரோந்து நோட்டு

அம்மணியின் கழுத்தில் இருந்த கீறல் ஆறிவிட்டது. பயம்தான் ஆறவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு விடிகாலையில், வில்லியனூர் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மஞ்சள் கயிற்றோடு இருக்கிறாள். கோலத்தைக்கூட கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற ஒரு சாண் சிமெண்டில்தான் போடுகிறாள். புள்ளி வைக்க இடம் போதாமல் கோலம் சுவரில் ஏறுகிறது.

"இந்தக் கடைத்தெருவே வேண்டாம்ப்பா" என்று மகள் ப்ரீத்தி முடிவாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு இது ஆறாம் மாதம். மாப்பிள்ளை நரேஷுக்கு ஓசூரில் வேலை. மாதம் இரண்டு முறை வந்து போகிறார். பிறக்கப் போகிற பிள்ளை எந்தத் தெருவில் தவழ வேண்டும் என்று அவள்தான் பார்த்தாக வேண்டும்.

ப்ரீத்தி கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள். எதையும் கட்டம் போட்டுத்தான் பார்ப்பாள். ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை எழுதி, பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், தெருவிளக்கு எத்தனை எரிகிறது, சாராயக்கடை எங்கே, தமிழ்நாட்டு எல்லை எத்தனை நிமிஷம் என்று குறித்திருந்தாள்.

எல்லை நம் ஊரில் பெரிய விஷயம். இங்கே அறுத்தவன் இரண்டு வாய்க்கால் தாண்டினால் வேறு மாநிலம். அப்புறம் இந்த ஸ்டேஷன் அந்த ஸ்டேஷனைக் கையைக் காட்டும். அந்த ஸ்டேஷன் இந்த ஸ்டேஷனைக் காட்டும். சங்கிலியோ உருகி வளையலாகியிருக்கும்.

சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டபடி அம்மணியின் கணவர் நமச்சிவாயம் அந்தத் தாளைப் பார்த்தார்.

"பனித்திட்டு?"

"கடல் பக்கத்துல எனக்குத் தூக்கம் வராது" என்றாள் அம்மணி.

"சுத்துக்கேணி?"

"நல்ல ஊருதான்ப்பா. ஸ்டேஷன்தான் தூரம்."

"தூரம் கிட்டங்கறதெல்லாம் அப்புறம்மா. ரோந்து வராங்களா, அதச் சொல்லு. வந்ததுக்குக் கையெழுத்து இருக்குதா?"

ப்ரீத்தி சிரித்துவிட்டாள். அப்பாவின் ரோந்து நோட்டு ஆசை அந்த வீட்டில் பழைய கதை.

கடைத்தெருவில் நகைக்கடை, பேங்க், கோயில் மூன்றிலும் ஒரு நோட்டு தொங்கும். ரோந்து போலீஸ் வந்து நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நமச்சிவாயத்தின் தண்ணீர் மோட்டார் கடைக்கு எதிரேதான் நகைக்கடை. பத்து வருஷமாக அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து இவருக்கு ஏக்கம். தன் கடைக்கும் ஒன்று வேண்டுமென்று மூன்று முறை மனுக் கொடுத்தார், கிடைக்கவில்லை. சிலருக்கு மந்திரி பதவி மேல் கண்ணிருக்கும். இவருக்கு ஒரு ரூல்டு நோட்டு மேல்.

"இன்னிக்குப் பாக்கப்போற கரியமாணிக்கம் வூடு எனக்குத் தோதா படும்னு தோணுது" என்று எழுந்து கை கழுவினார்.

*

வீட்டை விற்கிற சிவப்பிரகாசம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை பிரான்சுக்குப் போய்விட்டான். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். பேச்சில் சர்க்கரை, கண்ணில் அவசரம்.

மத்தியானம் மூன்றரைக்கு மூவரும் போய்ப் பார்த்தார்கள். வீடு நன்றாகவே இருந்தது. அம்மணி குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை. ப்ரீத்தி காம்பவுண்டுச் சுவரைத் தன் தோளுக்கு வைத்து அளந்தாள். நமச்சிவாயம் மோட்டாரைப் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். இருபத்தெட்டு வருஷத் தொழில், சத்தத்திலேயே பேரிங்கின் வயதைச் சொல்லிவிடுவார்.

"திருட்டு பயம் எப்படிங்க இங்க?" என்று ப்ரீத்தி கேட்டாள்.

"திருட்டா? இந்தத் தெருவுலயா?" சிவப்பிரகாசம் மாடியிலிருந்தே மோவாயால் காட்டினார். "காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் போலீஸ் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறாங்க. அதோ பாருங்க."

பக்கத்து வீடு. நீலச் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு, மேலே சிமெண்ட் ஷீட். நிலைப்படி ஓரமாக ஓர் ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டு. நூலில் கட்டிய பேனா.

நமச்சிவாயத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து வருஷம் கேட்டுக் கிடைக்காத சாமி, கேட்காமலே பக்கத்து வீட்டில் குடியிருந்தது.

"ப்ரீத்தி, அந்தத் தாளை மடிச்சி உள்ள வையி" என்றார். கூடத்துக்கு இறங்கி வந்து, சாமி படத்தின் முன்னால் இருந்த வெற்றிலை பாக்கை எடுத்து சிவப்பிரகாசத்தின் கையில் வைத்தார். "வார்த்தை சொல்லிட்டேன். இனி இந்த வூட்டை வேற யாருக்கும் காட்டக்கூடாது."

வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் அவர் குடும்பத்தில் பேச்சு மாறாது. சிவப்பிரகாசம் அதை இரண்டு கையாலும் வாங்கி உடனே வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

*

தெருவுக்கு வந்ததும் நமச்சிவாயத்துக்கு அந்த நோட்டைக் கிட்டத்தில் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. நீல வீட்டின் வாசலில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருக்குழாயில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"இன்னாம்மா, பெரிய செல்வாக்கா இருக்குதே உங்களுக்கு!" என்று கடையில் பேசுகிற உரத்த குரலில் கேட்டார். "ஒரு நாளைக்கு ரெண்டு தரம் போலீசு! யாரு சிபாரிசு? எங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரக்கூடாதா? கேட்டுக் கேட்டு வாய் வலிச்சிப்போச்சி."

குழாயடியில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி குடம் நிரம்பி வழிவதையும் பார்க்காமல் நின்றாள்.

அந்த அம்மா கீரையைக் கீழே வைத்தாள்.

"சிபாரிசு ஒண்ணும் இல்லீங்க ஐயா. எம்புள்ளைக்காகத் தொங்குது."

"புள்ள பெரிய உத்தியோகமா?"

"இல்லீங்க. அவன் பேரு ஸ்டேஷன் லிஸ்ட்டுல கீது. வூட்ல இருக்கறானா, வெளியூரு போயிட்டானான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாங்க."

நமச்சிவாயத்துக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தார். சிவப்பிரகாசம் தன் தென்னைமரத்தில் எத்தனை காய் என்று மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

ப்ரீத்தி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கப்பா போலாம். ரவுடி வூட்டுக்குப் பக்கத்துலயா குழந்தைய வளக்கறது?"

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தெரு அமைதியாக இருந்தது. அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்ததும் ப்ரீத்திக்குச் சுருக்கென்றது.

"ரவுடி இல்லம்மா" என்றாள் அவள். கோபமில்லாமல் சொன்னதுதான் இன்னும் சுட்டது. "வாயும் வயிறுமா இருக்கற. வெயில்ல நிக்காத. வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ. நான் காசம்மாள். எல்லாரும் உன்ன மாதிரிதான் மொதல்ல பயப்படுவாங்க."

மறுத்துவிட்டுப் போக மூவருக்குமே முகமில்லை. போய் உட்கார்ந்தார்கள். காசம்மாள் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, சொம்பில் மோர் கொண்டுவந்தாள்.

"கொல கேசு, வெட்டு கேசு ஒண்ணுமில்ல. வில்லியனூர்ல ஒரு மோட்டாரு கடைக்கு வண்டி ஓட்டிக்கினு இருந்தான் எம்புள்ள பாக்யராஜு. செம்புக் கம்பி பொட்டி நாலு காணாம போச்சின்னு அந்த மொதலாளி இவன் பேர எழுதிக் குடுத்துட்டாரு. நாப்பத்திரண்டு நாளு உள்ள இருந்தான்."

அம்மணியின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் ப்ரீத்திக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் ப்ரீத்தி வெளியூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதது இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி நெரிசலில், அந்த நாலு பெட்டியையும் பாகூரில் இருக்கிற மைத்துனர் குடோனுக்கு அனுப்பியவர் நமச்சிவாயமேதான். அனுப்பியதை மறந்தார். புகார் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து குடோனில் சாக்குக்குப் பின்னால் பெட்டிகள் நாலும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

"இப்ப போயி நான்தான் மறந்துட்டேன்னு சொன்னா, வியாபாரிகள் சங்கத்துல எவன் என்னை மதிப்பான்?" என்று அம்மணியிடம் அன்றைக்குச் சொன்னார். அப்போதுதான் செயலாளர் ஆகியிருந்தார். "கோர்ட்டுல தானா விட்டுடுவாங்க. நீ வாயைத் தொறக்காத."

அம்மணி திறக்கவில்லை. அந்த நாட்களில் ஓர் அம்மா இரண்டு முறை வந்து கடைப் படியில் உட்கார்ந்தாள். நமச்சிவாயம் பின்வாசல் வழியாகப் போனார். கடைக்கு மேல் மாடி ஜன்னலிலிருந்து "அவரு ஊர்ல இல்லம்மா" என்று சொன்னவள் அம்மணி.

"கோர்ட்டுல விட்டுட்டாங்களா?" ப்ரீத்தி கேட்டாள்.

"விட்டுட்டாங்க. ஆனா நிரபராதின்னு விடல. மூணு வாய்தாவுக்கும் அந்த மொதலாளி வரல. சாட்சி இல்லன்னு விட்டாங்க. ஸ்டேஷன்ல எழுதுன பேரு எழுதுனதுதான். அதுக்கப்புறம் ஊர்ல ஆட்டுக்குட்டி காணாம போனாலும் இவனத்தான் கூப்புடுவாங்க." காசம்மாள் சொம்பை ஓரமாக நகர்த்தினாள். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நீங்க வில்லியனூர்ல எங்கீங்க?"

"கோயில் பக்கம்" என்றார் நமச்சிவாயம்.

கடையின் மேல் முழ நீள எழுத்தில் தன் பெயரைப் போட்டு, ராத்திரியெல்லாம் லைட் எரியவிடுகிற மனுஷர். அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மடியில் வெற்றிலை பாக்கோடு சிவப்பிரகாசம் வழியில் நின்றார்.

*

அவர்கள் எழுவதற்குள், ஐந்து மணிக்கு ரோந்துக் காவலர் புகழ்வேந்தன் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பைக்கை நிறுத்திவிட்டு, "ஆயி, சாப்ட்டியா?" என்று கேட்டபடி நோட்டை எடுத்தார்.

காசம்மாள் எழுந்து நின்றாள். "சார், நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. சுத்துக்கேணிலேர்ந்து. நாளைக்கு ஒரு நாளு இந்த நோட்ட எடுத்துக்கினு போயிடு சார். திங்கக்கெழம நானே ஆணியில மாட்டிடறேன்."

"நான் எடுத்தா எனக்கு மெமோ வரும் ஆயி."

"ரெண்டு எடம் இந்த வாசப்படியோட போயிடுச்சி சார். மொத வந்தவங்ககிட்ட இது பால் சொசைட்டி நோட்டுன்னு பொய் சொன்னேன். அந்தப் பொண்ணோட மாமா எடுத்துப் படிச்சிட்டாரு. தண்ணிகூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க. எம்புள்ள அன்னிக்கு ரூம விட்டு வெளியவே வரல."

புகழ்வேந்தன் தொப்பியைக் கழற்றினார். "புதுசா வந்திருக்கற எஸ்.ஐ. பழைய லிஸ்ட்ட சலிச்சிக்கினு இருக்காரு. உம்புள்ள பேர எடுக்க அவருக்கும் இஷ்டம்தான். புகார் குடுத்தவரு வந்து 'தப்பா சொல்லிட்டேன்'னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, இன்னிக்கே எடுத்துடலாம். ரெண்டு தபா லெட்டர் போட்டாச்சி. அந்த மனுஷன் பதிலே போடல."

கடை மேஜை டிராயரில், பழைய காலண்டருக்கு அடியில் இரண்டு பழுப்பு உறைகள் இருந்தன. நமச்சிவாயம் இரண்டையும் படித்துவிட்டுத்தான் வைத்திருந்தார்.

"சே, என்ன மனுஷங்கப்பா!" என்றாள் ப்ரீத்தி.

நமச்சிவாயம் கீரைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் யாரு, வூடு வாங்க வந்தவங்களா?" புகழ்வேந்தன் திரும்பினார். "பக்கத்து வூட்டுக்காரரா உங்களுக்கு பாக்யராஜ்மேல ஆட்சேபணை இல்லன்னு இந்த நோட்டுலயே எழுதிக் குடுத்தீங்கன்னா, எஸ்.ஐ.கிட்ட காட்டுவேன். அது பெருசா ஒண்ணும் ஆகாது. ஒரு ஒத்தாசைதான்."

"எழுதுங்கப்பா" என்றாள் ப்ரீத்தி. சற்று முன் தன் வாயிலிருந்து விழுந்த சொல்லுக்கு அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. "நாம இங்கேயே வந்துடலாம். எனக்கு இப்ப பயமில்ல. எழுதுங்க."

மகள் அவரைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் பேனாவை வாங்கினார். வியாபாரி மனசு அந்த நேரத்திலும் ஒரு கணக்குப் போட்டது: பெயரும் போகாமல், பாவமும் கொஞ்சம் கழிகிற மாதிரி இது ஒரு வழி. முதலுக்கு மோசமில்லாத பரிகாரம்.

'பாக்யராஜ் மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை' என்று எழுதினார். பெயரை எழுதவில்லை. பழக்க தோஷத்தில் கை தானாகச் சுழித்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டது.

காசம்மாள் நோட்டை வாங்கிக்கொண்டாள். ஏதோ பிரசாதம் மாதிரிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள் நின்றாள். நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்று மெல்லச் சொன்னாள். "இந்தக் கையெழுத்து தெரியும்."

உள்ளே போய் ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துவந்தாள். அதற்குள் மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகிவிட்ட ஒரு ஜெராக்ஸ். வக்கீல் வீடு, கோர்ட், எம்.எல்.ஏ. ஆபீஸ் என்று மூன்று வருஷம் அவள் சுமந்த புகார் நகல். அடியில் அதே சுழி. அதே இரண்டு கோடு. கீழே ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளி.

ப்ரீத்தி வாங்கிப் பார்த்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

"அப்பா... இது நம்ம கடை சீலு."

நமச்சிவாயம் காத்திருந்தார். மண்ணை வாரித் தூற்றுவாள், செருப்பை எடுப்பாள், குழாயடிப் பெண்கள் கூடுவார்கள். வரட்டும் என்றுகூடத் தோன்றியது.

காசம்மாள் அதில் ஒன்றையும் செய்யவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பொட்டிங்க கெடச்சுதாங்க ஐயா?"

நமச்சிவாயம் பேனா நூலை விரலில் சுற்றினார்.

"இல்ல... எடுக்கலம்மான்னு எம்புள்ள என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணான். நானும் நம்புறேன்னு சொன்னேன். ஆனா ஏழு வருசமா ஒரு மூலையில உறுத்திக்கினே கீது. எடுத்திருப்பானோன்னு. பெத்தவளே சந்தேகப்பட்டுட்டேன் ஐயா. அவன்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. கெடச்சுதுன்னா மட்டும் சொல்லிடுங்க."

"அது வந்தும்மா... ஸ்டாக்குல..." நமச்சிவாயத்துக்கு வாய் குழறியது. "தீபாவளி நேரம்..."

"கெடச்சுது" என்றாள் அம்மணி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். காலையிலிருந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கழுத்துக் கயிற்றைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒரு மாசத்துலயே கெடச்சுதும்மா. உம்புள்ள உள்ள இருந்தப்பவே. இவரு அனுப்பிட்டு மறந்துட்டாரு. எனக்கும் தெரியும். அவரு ஊர்ல இல்லன்னு மாடியிலேர்ந்து சொன்னது நான்தான்."

காசம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எடுக்கல... எம்புள்ள எடுக்கல..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ப்ரீத்தி கைப்பையிலிருந்து அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்தாள். ஒரு முறை பார்த்துவிட்டு நாலாகக் கிழித்தாள். "மூணு வாரமா எந்த ஊர்ல பயமில்லாம இருக்கலாம்னு தேடிக்கினு இருந்தேன்ப்பா" என்றாள். போய்க் காசம்மாள் பக்கத்தில், அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

தெருமுனையில் ஒரு மினி வேன் திரும்பியது. இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"பாக்யராஜு வந்துட்டான்" என்றாள் காசம்மாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

புகழ்வேந்தன் நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி நமச்சிவாயத்தின் முன் நீட்டினார். பேனா இன்னும் அவர் விரலிடுக்கில்தான் இருந்தது. நூல் ஆணி வரை இழுபட்டு நின்றது.

"அவன் வர்றதுக்குள்ள எழுதிடறீங்களா சார்? இல்ல, அவன் மூஞ்சியப் பாத்துட்டு எழுதறீங்களா?"